நந்தி கொஞ்சம் நகரட்டும்

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கையில் ஆயிரம் டிக்கெட் இருக்கிறது. வாசலில் ஐம்பதாயிரம் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள்: 'சார், இந்த டீம் மேல எனக்கு இருக்கிற வெறி வேற எவனுக்கும் கிடையாது!' யாருக்குக் கொடுப்பீர்கள்?

'முதலில் வந்தவனுக்கு' என்று சட்டென்று சொன்னால், நீங்கள் ரேஷன் கடை க்யூவில் நின்று வளர்ந்தவர். 'அதிகம் காசு கொடுப்பவனுக்கு' என்றால் ஷேர் மார்க்கெட் தெரிந்தவர். 'சீட்டுக் குலுக்கிப் போட்டுடுங்க' என்றால், வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறவர். 'நம்ம மச்சினனுக்கு' என்றால்... சரி, விடுங்கள், நம்மில் பெரும்பாலோர் அந்தக் கட்சிதான்.

'ரொம்ப நாளா டீம் கூட நிக்கிறவனுக்குத்தான் கொடுக்கணும். அதுதானே நியாயம்?' என்று சொன்னால், உட்காருங்கள். இந்த வாரம் உங்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2018 ஏப்ரலில் நம்ம ஊரிலேயே வந்தது. இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் அந்த வருஷம்தான் திரும்பி வந்திருந்தது. ஏப்ரல் 10-ம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஒரு மேட்ச். அவ்வளவுதான். காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். மீதியிருந்த உள்ளூர் மேட்ச்கள் எல்லாம் புனேவுக்குப் போய்விட்டன. இரண்டு வருஷம் பட்டினி கிடந்தவனுக்கு இலை போட்டு, ஒரு கரண்டி பாயசம் ஊற்றி, இலையை எடுத்துவிட்ட மாதிரி ஆனது சென்னை ரசிகன் நிலைமை.

அப்போது கிளப் ஒரு காரியம் செய்தது. ஒரு தனி ரயிலை ஏற்பாடு செய்து, ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களைத் தன் செலவில் புனேவுக்கு அழைத்துப்போனது. ரயில், சாப்பாடு, மேட்ச் டிக்கெட் எல்லாம் கிளப் கணக்கு. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஏப்ரல் 19, வியாழக்கிழமை சென்ட்ரலில் மஞ்சள் சட்டைகளோடு கிளம்பியது. மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 57 பந்தில் 106 அடித்தார். சென்னை 64 ரன்னில் ஜெயித்தது. போனவர்கள் இன்னும் அந்தக் கதையைப் பேரன் பேத்திக்குச் சொல்கிற தோரணையில்தான் சொல்கிறார்கள்.

நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரம் பேர் போனால், போகாதவர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: 'அவன் எந்த விதத்தில் என்னைவிட ஒசத்தி?'

இந்தக் கேள்வியோடு வாரா வாரம் மல்லுக்கட்டுகிறவர்கள் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகள்.

அங்கே பிரீமியர் லீக்கில் ஒரு விதி உண்டு. வெளியூரிலிருந்து வரும் டீமின் ரசிகர்களுக்கு உள்ளூர் கிளப் 3,000 டிக்கெட் தர வேண்டும். சின்ன மைதானமாக இருந்தால் மொத்த இடத்தில் பத்து சதவிகிதம். அந்த டிக்கெட்டின் விலையும் 2016-17 சீசனிலிருந்து 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். எண்ணிக்கையும் விலையும் கட்டுக்குள். கேட்பவர்கள் எண்ணிக்கைதான் கட்டுக்குள் இல்லை. மான்செஸ்டர் மாதிரி ஊர்களின் பெரிய கிளப்புகளுக்கு 3,000 டிக்கெட் என்பது கல்யாணப் பந்தியில் மூன்றே மூன்று அப்பளம்.

அதனால் பல கிளப்புகள் பாயின்ட் முறைக்குப் போய்விட்டன. நீங்கள் ஒரு வெளியூர் மேட்ச்சுக்கு டிக்கெட் வாங்கினால் உங்கள் கணக்கில் பாயின்ட் ஏறும். அடுத்த பெரிய மேட்ச் வரும்போது அதிக பாயின்ட் வைத்திருப்பவருக்கு முதலில் விற்பனை. பிறகு அதற்கடுத்த படி. டிக்கெட் தீர்ந்துபோனால் கதவு சாத்தப்படும். நம்ம வங்கிக் கடன் அட்டையில் சேரும் பாயின்ட்டுக்கு வாணலி தருகிறார்களே, அதே தத்துவம். இங்கே வாணலிக்குப் பதில் இறுதி ஆட்டம்.

கேட்டவுடன் நியாயமாகத்தான் இருக்கிறது. டிசம்பர் குளிரில், வேலை நாள் ராத்திரியில், நியூகாசிலிலிருந்து லண்டன் வரை நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் போய், தன் டீம் மூன்று கோல் வாங்கித் தோற்பதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, விடியற்காலை ஊர் திரும்பி அப்படியே ஆபீசுக்குப் போனவன் ஒருவன். டீம் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டவன் இன்னொருவன். இருவரும் இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டால் முதலாமவனுக்குக் கொடு என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

முதல் சிக்கல்: டிக்கெட் கிடைத்தால்தான் பாயின்ட். பாயின்ட் இருந்தால்தான் டிக்கெட். வேலை தேடும் பையனிடம் 'அனுபவம் உண்டா?' என்று கேட்கிற மாதிரி. வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். வெளியே இருப்பவர் வெளியேதான்.

பி.காம். படித்தவர்களுக்கு ஃபிஃபோ என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். குடோனில் முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடும் முறை. பாயின்ட் முறையில் ஒரு விசேஷம், முதலில் வந்தவர் வெளியே போகவே மாட்டார். அப்படி ஒரு குடோனை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கஷ்டமானது. பாயின்ட் எதை அளக்கிறது? விசுவாசத்தையா? போய்ப் பார்த்ததை அளக்கிறது. போய்ப் பார்க்கக் காசு வேண்டும், லீவு வேண்டும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். புனே ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம். ஆனால் வியாழக்கிழமை கிளம்பி, வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச் பார்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வர மூன்று நாளாவது ஆகும். தினக்கூலிக்காரனுக்கு அந்த மூன்று நாள் இலவசம் இல்லை. லஸ் கார்னரில் ஆட்டோ ஸ்டாண்டில் மொபைலைச் சாய்த்து வைத்து ஒவ்வொரு பந்தையும் பார்க்கிற டிரைவர், வருஷத்தில் ஒரு தடவைகூட மைதானத்துக்குள் போகாதவராக இருக்கலாம். அவருடைய விசுவாசத்துக்கு எந்தக் கணக்கில் பாயின்ட் ஏற்றுவது?

மூன்றாவது சிக்கல்தான் வேடிக்கை. அன்புக்கு மார்க் போட ஆரம்பித்தால், அன்பைவிட்டு மார்க்குக்குப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். நாம்தான் அதில் உலக நிபுணர்களாயிற்றே! இங்கிலாந்திலும் அதுவே நடந்தது. பாயின்ட்டுக்காக டிக்கெட் வாங்கி, தான் போகாமல் வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் போய்க் குளிரில் உட்காருகிறார், இவர் கணக்கில் பாயின்ட் ஏறுகிறது. கிளப்புகள் இதைக் கண்டுபிடித்து, 'வெளியூர் மைதானத்துக்கே வந்து அடையாளம் காட்டி டிக்கெட்டை வாங்கிக்கொள்' என்று சோதனை போட வேண்டியதாயிற்று.

சிரிக்காதீர்கள். மயிலாப்பூர்க்காரர்கள் சிரிக்கவே கூடாது. மார்கழியில் சபா வாசலில் வந்து பாருங்கள். 'ஹவுஸ்ஃபுல்' போர்டு தொங்கும். வெளியே தம்புரா பையோடு சங்கீதம் படிக்கிற பெண் கெஞ்சிக்கொண்டிருப்பாள். உள்ளே முன்வரிசையில் ஏழெட்டு நாற்காலி காலி. சீசன் டிக்கெட்காரர்கள். தலைமுறை தலைமுறையாக அந்த இடம் அவர்கள் குடும்பத்துடையது. ஆசாமி எங்கே என்கிறீர்களா? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துவிட்டதே, கேன்டீனில் கீரை வடையோடு இருக்கிறார். அவருக்கு சங்கீதத்தின் மேல் விசுவாசம் இல்லை என்று சொல்ல முடியாது. முப்பது வருஷமாக வருகிறார். ஆனால் அந்த முப்பது வருஷம் அவருக்கு ஒரு நாற்காலியாக மாறிவிட்டது. நாற்காலி இருக்கும்போது ஆள் எதற்கு?

சென்ற சீசனில் கபாலி கோயில் மாடவீதிப் பக்கம் ஒரு காபிக் கடையில் இதே விஷயமாக ஒரு சண்டை காதில் விழுந்தது. ஒருவர் அறுபத்தெட்டு, எழுபது வயதுக்காரர். எதிரில் அவர் ஃபிளாட்டிலேயே குடியிருக்கும் காலேஜ் பையன். இருவருக்கும் சேப்பாக்கம் டிக்கெட் கிடைக்கவில்லை. பொதுத் துயரம் பொதுவாக மனிதர்களைச் சேர்க்கும். இவர்களைச் சேர்க்கவில்லை.

"75-ல விசுவநாத் 97 நாட் அவுட் அடிச்சானே, அன்னிக்கு வெயில்ல உட்கார்ந்து பார்த்தவன்டா நான். கவுன்ட்டர்ல ராத்திரியெல்லாம் நின்னு டிக்கெட் வாங்கினவன். இப்போ கம்ப்யூட்டர்ல எனக்கு முன்னாடி ஒண்ணரை லட்சம் பேர் நிக்கிறான்னு காட்டறான். எல்லாரும் நேத்துப் பொறந்த பசங்க. இது என்ன நியாயம்?"

பையன் காபியை ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "லேட்டாப் பொறந்தது என் தப்பா மாமா?"

பெரியவரிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், யாரிடம்தான் இருக்கிறது? நீண்ட காலம் நேசித்ததில் பாதி நம் பெருமை. மீதிப் பாதி நம் பிறந்த தேதி.

ஆனால் பெரியவர் பக்கத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. ராத்திரி க்யூவை ஒழித்து, 2024-ல் சேப்பாக்கத்தில் ஐபிஎல் டிக்கெட்டை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றினார்கள். பாய் விரித்துப் படுக்க வேண்டாம், தடியடி இல்லை, நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. ஐம்பது வருஷமாக வந்தவரும், டிக்கெட்டை வாங்கி நாலு மடங்கு விலைக்கு விற்கப்போகிறவரும் அதற்கு ஒரே வரிசை எண். எல்லோரையும் சமமாக நடத்துவது வேறு, யாரையுமே தெரியாமல் இருப்பது வேறு. பெரியவருக்கு வலிப்பது டிக்கெட் கிடைக்காதது மட்டும் இல்லை. 'நான் இங்கே இருந்தேன் என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லையே' என்பதுதான்.

அப்படியானால் அவருக்குக் கிளப் ஏதாவது கடன்பட்டிருக்கிறதா?

அக்கவுன்டன்சியில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. ஒரு கடையின் நல்ல பெயர், வாடிக்கையாளர்களின் பிரியம், இதற்கெல்லாம் போடும் மதிப்பு. ஆனால் ஒரு விதி. உங்கள் கடை தானாகச் சம்பாதித்த குட்வில்லைப் பேலன்ஸ் ஷீட்டில் காட்டக் கூடாது. வேறொரு கடையை விலைக்கு வாங்கும்போது அதன் குட்வில்லுக்குக் காசு கொடுத்தால், அதை மட்டும் காட்டலாம். இந்தியாவின் கணக்குத் தரநிலை 26 இதைத் தெளிவாகவே சொல்கிறது. காரணம் எளிது. தானாக வளர்ந்ததற்கு நம்பகமான விலை கிடையாது. விலை போட முடியாததைக் கணக்கில் ஏற்றினால் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் அதற்கு மதிப்பே இல்லை என்று அர்த்தமா? கடையே அதில்தான் ஓடுகிறது! புத்தகத்தில் ஏறாது, அவ்வளவுதான்.

ரசிகனின் விசுவாசமும் அப்படிப்பட்ட சரக்கு என்றுதான் நினைக்கிறேன். கிளப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதை ரசிகன் தன் பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டு, 'இவ்வளவு சேர்ந்திருக்கிறது, எடு டிக்கெட்டை' என்று நீட்டும்போது ஏதோ இடிக்கிறது. விசுவநாத் 97 அடித்த அன்று வெயிலில் உட்கார்ந்தாரே, அதற்கான கூலி அன்றைக்கே அவருக்குக் கிடைத்துவிட்டது. அந்த 97-தான் கூலி. பாக்கி எதுவும் இல்லை.

பின் எதற்காகப் பழைய ரசிகனுக்கு இடம் கொடுக்க வேண்டும்? கடனைத் தீர்க்க இல்லை. அவன் இல்லாவிட்டால் அந்த இடம் வேறு இடமாகிவிடும் என்பதற்காக. 1999 ஜனவரி 31 ஞாபகம் இருக்கிறதா? சேப்பாக்கம் டெஸ்ட். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்தும், இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றது. ஒரு நிமிஷம் மைதானமே செத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கைதட்டலைக் காசு கொடுத்து வரவழைக்க முடியாது. ஆட்டம் பார்த்துப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்குத்தான் அது வரும்.

ஆனால் அந்தக் கூட்டம் எப்படி உண்டானது என்றும் யோசிக்க வேண்டும். எவரும் பிறக்கும்போதே கைதட்டத் தெரிந்து பிறக்கவில்லை. யாரோ ஒரு அப்பா பையனைக் கூட்டிப்போயிருப்பார். யாரோ ஒரு மாமா, 'எதிராளியா இருந்தாலும் நல்லா ஆடினா கைதட்டணும்டா' என்று சொல்லியிருப்பார். பழையவர் பக்கத்தில் புதியவர் உட்கார்ந்ததால் வந்தது அது. பழையவர்களுக்கு மட்டுமே டிக்கெட் என்றால் இருபது வருஷத்தில் மைதானம் காலி. புதியவர்களுக்கு மட்டும் என்றால் அடுத்த வருஷமே வெறும் இரைச்சல்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்ம பக்கத்து உத்திரமேரூரில் இதைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 920-ஐ ஒட்டி. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையைக் கல்வெட்டில் பொறித்து வைத்தார்கள். முதலில் தகுதி பார்க்க வேண்டும். பிறகு பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அதில் ஒரு நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது! பாயின்ட் முறைக்கு நேர் தலைகீழ். 'நீ இருந்தாய், சந்தோஷம், இப்போது அடுத்தவன் இருக்கட்டும்.' (அவர்கள் வைத்த தகுதிகள், நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம், ஊரில் முக்கால்வாசிப் பேரைக் குடத்துப் பக்கமே வரவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த முறையிலும் யாரோ வாசலில் நிற்கிறார்கள்.)

இங்கிலாந்திலும் சில கிளப்புகள் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பகுதி டிக்கெட் பழைய விசுவாசிகளுக்கு. ஒரு பங்கு மட்டும் பாயின்ட் இல்லாதவர்களுக்குக் குலுக்கலில். சேப்பாக்கத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி. பழையவருக்கு முன்வரிசை கொடுங்கள். எல்லா வரிசையையும் கொடுக்காதீர்கள்.

பங்குனியில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் மாடவீதியைச் சுற்றி வரும்போது, அந்தக் கூட்டத்தில் திருநாளைப்போவாரும் வருகிறார். நந்தனார். 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று சிதம்பரத்துக்கு ஏங்கியே அந்தப் பெயர் வாங்கியவர். பாயின்ட்டே சேராத பக்தர். அவரைத் தடுத்தது ஜாதி, டிக்கெட் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, நான் வைக்கவும் இல்லை. அந்தக் கதையிலிருந்து நந்தியை மட்டும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

திருப்புன்கூரில் அவர் வெளியே நிற்கிறார். உள்ளே சாமி தெரியவில்லை. நடுவில் நந்தி. விலகிக்கொள் என்று சிவன் நந்திக்குச் சொல்ல, நந்தி நகர்ந்தது என்பது சேக்கிழார் சொல்லும் கதை. இன்றைக்கும் அந்தக் கோயிலில் நந்தி நேர்கோட்டில் இருக்காது, சற்றுத் தள்ளித்தான் இருக்கும். கதவு திறந்ததாகக் கதையில் இல்லை என்பது நம் சரித்திரத்தின் வெட்கம். ஆனால் நந்தியைப் பாருங்கள். நந்தியைவிட விசுவாசி யார்? வெயிலோ மழையோ, ஒரு நாள் லீவு போட்டதில்லை. பாயின்ட் கணக்குப் பார்த்தால் முதலிடம். அந்த நந்திதான் மறைத்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்று இல்லை. ரொம்ப நாளாக முன்னால் உட்கார்ந்தால் பின்னால் நிற்பவர் தெரியாமல்போவது இயல்பு. அதை எழுந்து வெளியே போகும்படி யாரும் சொல்லவில்லை. இடமும் பறிபோகவில்லை. கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

அடுத்த சீசனில் அதிர்ஷ்டம் அடித்து உங்களுக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தால், ஒன்று உங்களுக்கே இருக்கட்டும். இத்தனை வருஷம் வந்திருக்கிறீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்றை, இதுவரை உள்ளே வராத ஒருவருக்குக் கொடுங்கள். அந்த ஆட்டோ டிரைவருக்கோ, லேட்டாகப் பிறந்த பையனுக்கோ. எந்தப் பந்துக்குக் கைதட்ட வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாமலிருக்கலாம்.

பரவாயில்லை. பக்கத்து சீட்டில்தான் நீங்கள் இருக்கிறீர்களே.